சீராக எரிவதே சிறந்த மருந்து

அல்சூர் ஏரிக்கரையில் காலை நடை செல்வோர்க்கு 'மதராஸ் சாப்பர்ஸ்' படையின் இருப்பிடம் புதிதன்று. 1780-இல் தோன்றிய அப்படையின் வீரர்களுக்குத் 'தம்பிகள்' என்றே செல்லப் பெயர். 1912-இல் அப்படையைச் சேர்ந்த மக்ளின்டாக் என்னும் அதிகாரி, முள்வேலித் தடைகளைத் தகர்ப்பதற்கு ஒரு வெடிகுழாயை அமைத்தார். 'பெங்களூர் டார்பிடோ' என்று உலகம் முழுதும் வழங்கும் கருவி அதுவே. ஆதலால் வெடிமருந்தைப் பற்றிப் பேச அல்சூர் பொருத்தமான ஊரே.

யான் குடியிருக்கும் தெருவில், அப்படையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வாழ்கிறார். யான் வேதியியல் முதுகலை மாணவன் என்பதும், நீலகிரி அருவங்காட்டிலிருந்து இங்கு வந்தவன் என்பதும் அவருக்குத் தெரியும். ஒருநாள் அவர், "ஏன் தம்பி, குறி தவறாமல் சுடுவதற்கு எந்த மருந்து நல்லது? வேகமாய் அடிக்கிற மருந்துதானே?" என்று கேட்டார். "இல்லை ஐயா" என்றேன். ஆனால் ஏன் இல்லை என்பதை அப்போது தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய விடையை நண்பர்களுக்கும் ஈண்டுச் சொல்ல முயல்கிறேன்.

வெடிப்பதன்று, எரிவது

பழைய கருமருந்து வெடியுப்பு 75 பங்கும், கரித்தூள் 15 பங்கும், கந்தகம் 10 பங்கும் சேர்ந்தது. அது எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே எஞ்சும். புகையும் குழலில் படியும் கசடும் அதனால் வந்தவையே. 1884-இல் பிரெஞ்சு நாட்டு வியேய் என்பவர் நைட்ரோ செல்லுலோசைக் கொண்டு புகையில்லா மருந்தைச் செய்தார். 1889-இல் இங்கிலாந்தில் ஏபெல், டிவார் இருவரும் நைட்ரோ செல்லுலோசுடன் நைட்ரோ கிளிசரினும் சேர்த்துக் 'கார்டைட்' என்னும் மருந்தை உருவாக்கினர். கயிறு போன்ற உருவமே அப்பெயருக்குக் காரணம்.

துப்பாக்கிக் குழலில் இம்மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. விறகின் மேற்புறம் முதலில் எரிந்து, பின்பு தீ உள்ளே செல்வது போல, ஒவ்வொரு மருந்துத் துணுக்கும் மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக எரியும். அழுத்தம் ஏற ஏற எரிவேகமும் ஏறும். ஆகவே துணுக்கின் உருவம் பெரிதும் முக்கியமாகிறது. கம்பி போன்ற துணுக்கு எரிய எரிய அதன் பரப்புக் குறையும். நடுவே ஒரு துளையுள்ள குழாய்த் துணுக்கில் வெளிப்பரப்புக் குறையும்போது உட்பரப்பு வளர்வதால், மொத்தப் பரப்பு ஏறக்குறைய மாறாதிருக்கும். ஏழு துளைகள் இட்டால் எரியும்போதே பரப்பு வளரும். துணுக்கின் மேல் எரிதலைத் தாமதிக்கும் பூச்சு இடுவதும் உண்டு. வேதிப்பொருள் ஒன்றேயாயினும் எரியும் முறை வேறுபடுவது இவற்றாலேயே.

குறியும் கணக்கும்

குண்டு நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது என்று கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 300 மீட்டரை அது 0.375 நொடியில் கடக்கும். அதற்குள் புவியீர்ப்பினால் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் தாழும். இத்தாழ்வு ஒவ்வொரு முறையும் ஒரே அளவாயிருந்தால் தீங்கில்லை. குறிக்காட்டியைச் சற்று உயர்த்தி வைத்தால் சரியாகிவிடும். வேகம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும்போதுதான் தொல்லை. வேகம் 8 மீட்டர் குறைந்தால் குண்டு 1.4 சென்டிமீட்டர் கீழே படும். 30 மீட்டர் குறைந்தால் 5 சென்டிமீட்டருக்கு மேல் தாழும். பன்னாட்டுப் போட்டியில் 300 மீட்டர் இலக்கின் 10 புள்ளி வட்டம் 10 சென்டிமீட்டர் விட்டமே உடையது. ஆகவே நடுவில் பட வேண்டிய குண்டு அவ்வட்டத்தையே தாண்டிவிடும். தொலைவு இரட்டித்தால் பிழை நான்கு மடங்காகும். காற்றின் தடையையும் சேர்த்தால் பிழை இன்னும் மிகும்.

ஆதலால் குறிக்கு வேண்டுவது மிகுந்த வேகமன்று, மாறாத வேகம்.

எதைப் பார்த்துத் தேர்வது?

முதலாவது, எரிவேகம் குண்டின் எடைக்கும் குழலின் அளவுக்கும் பொருந்த வேண்டும். இலேசான குண்டுக்கு விரைந்து எரியும் மருந்தும், கனத்த குண்டுக்கு மெல்ல எரியும் மருந்தும் பொதுவாகப் பொருந்தும்.

இரண்டாவது, மருந்து தோட்டாக்கூட்டை ஓரளவு நிறைக்க வேண்டும். கூட்டில் வெற்றிடம் மிகுந்தால் மருந்து முன்னும் பின்னும் சரியும். தீப்பற்றும் விதமும் ஒவ்வொரு முறை ஒவ்வொன்றாகும்.

மூன்றாவது, வெப்பநிலை. இம்மருந்துகள் சூடேறினால் விரைந்தும், குளிர்ந்தால் மெல்லவும் எரியும். பெங்களூரின் மார்கழிக் காலையில் சரிபார்த்த குறி, வேலூரின் சித்திரை வெயிலில் அப்படியே இராது. இம்மாறுதல் குறைவாயுள்ள மருந்தே மேல்.

நான்காவது, அளந்து இடுவதில் ஒழுங்கு. உருண்டைத் துணுக்குகள் அளவியில் நீர் போல் இறங்கும். நீண்ட துணுக்குகள் குறுக்கே சிக்கிக்கொள்ளும். அவற்றைத் தராசில் நிறுத்தே இட வேண்டும்.

ஐந்தாவது, நாட்பட்ட மருந்தைப் பற்றிய எச்சரிக்கை. நைட்ரோ செல்லுலோசு மெல்லமெல்லச் சிதைந்து நைட்ரசன் ஆக்சைடுகளை வெளிவிடும். அவை சிதைவை மேலும் தூண்டும். அவற்றைப் பற்றிக்கொள்ளவே டைபினைலமைன் போன்ற பொருளைச் சேர்க்கின்றனர். புளித்த நெடியோ செந்நிறப் புகையோ தோன்றினால் அம்மருந்தைப் பயன்படுத்தலாகாது.

இவற்றோடு ஒன்று. பார்வைக்கு ஒன்றாயுள்ள இரு மருந்துகள் எரிவதில் பெரிதும் வேறுபடலாம். கண்ணளவை நம்பினோர் துப்பாக்கியையும் கையையும் இழந்ததுண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளில் போட்டியாளர்கள் தாமே தோட்டாவை மறுபடி நிரப்புகின்றனர். அவர்களும் செய்தவர் அச்சிட்ட அளவை மீறலாகாது. நம் நாட்டிலோ 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம்.

கார்டைட் தரும் பாடம்

முதற் கார்டைட்டில் நைட்ரோ கிளிசரின் 58 விழுக்காடு இருந்தது. ஆற்றல் மிகுதிதான், ஆனால் அதன் கொடுஞ்சூடு குழலின் உட்புறத்தை விரைவில் அரித்தது. அரித்த குழலில் குறி எங்கே நிற்கும்? 1901-இல் அதனை 30 விழுக்காடாகக் குறைத்து மருந்தை மாற்றியமைத்தனர். ஆற்றலைக் குறைத்துத்தான் பயனைப் பெருக்கினர்.

அந்தக் கார்டைட்டைச் செய்யவே 1903-இல் அருவங்காட்டுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. என் தந்தையார் அங்கே மருந்து கலக்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். துப்பாக்கியை அவர் தொட்டதே இல்லை. "அப்பாவுக்கு என்ன வேலை?" என்று பள்ளியில் கேட்டால், "கலக்கும் வேலை" என்று சொல்ல யான் கூசியதுண்டு.

இன்று அதன் பொருள் விளங்குகிறது. எவ்வளவு கவனமாய்ச் செய்தாலும் ஒரு முறை செய்த மருந்து மறுமுறை செய்ததைப் போல் இராது. பல முறை செய்தவற்றை ஒன்றாய்க் கலந்தால்தான் வேறுபாடு அடங்கும். ஒன்றையொன்று சாராத 16 பகுதிகளைச் சம அளவில் கலந்தால், வேறுபாடு நான்கில் ஒன்றாகக் குறையும் என்பது புள்ளியியல். வகுப்பில் யான் கரும்பலகையில் கற்றதை அவர் நாள்தோறும் கையால் செய்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அணிவகுப்பு மாதிரிதான் என்று சொல், தம்பி. ஒருத்தன் மட்டும் வேகமாய் நடந்து என்ன பயன்?" என்றார். யான் ஐந்து பத்தியில் எழுதியதை அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அடுத்த விடுமுறையில் ஊர் சென்றதும், இத்தனை நாள் கேட்காததைத் தந்தையாரிடம் கேட்கப் போகிறேன்: "அப்பா, நீங்கள் எப்படிக் கலந்தீர்கள்?"