வெங்காயச் சருகிலிருந்து சாயம் எடுத்தல்

வெங்காயத்தின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான குவர்செட்டின், உண்ணும் சதையைவிட உதிரும் சருகில்தான் செறிந்திருக்கிறது. பெரம்பலூர்ப் பட்டறைகளிலும் திண்டுக்கல் மண்டிகளிலும் மூட்டை மூட்டையாக ஒதுங்கும் இந்தச் சருகு, குப்பையில் எரிந்து போகக் கூடாத பொருள்.

முதலில் சருகைப் பொறுக்க வேண்டும். கரும்பூஞ்சை பிடித்தது விரலில் கரிபோல ஒட்டும். அதை அறவே ஒதுக்கிவிட வேண்டும். ஈரமான, அழுகிய தோலும் ஆகாது. மீதியைப் புடைத்து, மண் போகக் குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசினால் போதும்.

100 கிராம் சருகைக் கையால் நொறுக்கி, 2 லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊற வைக்க வேண்டும். பாத்திரம் எவர்சில்வராகவே இருக்கட்டும். இரும்புச்சட்டியில் நிறம் கருத்துவிடும். மறுநாள் அதே நீருடன் அடுப்பேற்றி, ஆவி பறந்தும் தளதளவென்று கொதிக்காத சூட்டில் ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். குவர்செட்டின் குளிர்ந்த நீரில் அரிதாகவே கரையும் என்பதால் இந்தச் சூட்டில்தான் வேலையே நடக்கிறது. ஆறுமுன் துணியில் வடிகட்டிப் பிழிய வேண்டும். அதே சருகில் இன்னும் 1 லிட்டர் நீர் விட்டு மறுபடி காய்ச்சினால் சற்று வெளிறிய சாறு கிடைக்கும், இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பருத்தியில் இந்தச் சாறு நேராக நிலைக்காது. 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்ப் பொடி கலந்த வெந்நீரில் துணியை ஊற வைத்து உலர்த்தி, பின் 15 கிராம் படிகாரம் கரைத்த சுடுநீரில் ஒரு மணி நேரம் முக்கியெடுக்க வேண்டும். அதன்பின் சாற்றில் இளஞ்சூட்டில் 45 நிமிடம் புரட்டி, அதிலேயே ஆறவிட்டால் பொன்மஞ்சள் முதல் செம்மஞ்சள் வரை நிறம் ஏறும். பட்டுக்கும் கம்பளிக்கும் படிகாரம் மட்டுமே போதும். வெயிலில் இந்த நிறம் மங்கும். நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

சாயத்தைப் பொடியாகச் சேமிக்க, சூடான சாற்றில் 50 கிராம் படிகாரத்தைக் கரைத்து, தனியே கரைத்த சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். கரியமில வாயு நுரைத்துப் பொங்கும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்குமேல் சாறு இருக்கக் கூடாது. நுரை வருவது நின்றதும் சோடாவை நிறுத்திவிட வேண்டும். சிறிது நேரத்தில் மஞ்சள் வண்டல் அடியில் இறங்கும். தெளிநீரை இறுத்து, இரண்டு முறை நல்ல நீரில் கழுவி, நெருக்கமான துணியில் வடித்து, நிழலில் உலர்த்தி அரைத்தால் ஓவிய வண்ணம் தயார். இது உணவில் சேர்ப்பதற்கானது அல்ல. சாறு இறங்கிய சக்கையை எருக்குழியில் போடலாம்.