சிலந்திக்கு இரையாகும் சுவர்க்கோழிகள்

சிலந்தியைக் கண்டதும் துடைப்பத்தைத் தேடுவது நம் வழக்கம். அதனைக் கண்ணாடிப் பெட்டியில் இட்டு, ஆண்டுக்கணக்காகச் செல்லமாய் வளர்ப்பாரும் உலகில் உளர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவ்வழக்கம் பெரிதும் பரவியுள்ளது. அவர்கள் வளர்ப்பது வீட்டு மூலையில் வலை பின்னும் சிறு சிலந்தியன்று. மயிரடர்ந்த உடலும் உள்ளங்கையை மறைக்கும் கால்வீச்சும் உடைய டாரண்டுலா என்னும் பெருஞ்சிலந்தியாகும். (இத்தாலி நாட்டுத் தாரந்தோ நகரின் பெயரால் முதன்முதல் அவ்வாறு அழைக்கப்பெற்றது வேறொரு சிலந்தி, பெயர் மட்டும் பின்னர் இதற்கு வந்து சேர்ந்தது.) மெக்ஸிகோ நாட்டுச் செம்முழங்காற் சிலந்தியில் பெண்ணானது 20 ஆண்டிற்கு மேலும் உயிர் வாழும். அத்துணைக் காலமும் அதற்கு இரை வேண்டுமன்றோ? அவ்விரைக்கென வளர்க்கப்பெறும் சுவர்க்கோழியைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

சுவர்க்கோழி என்பது, மாலை மங்கியதும் சுவரிடுக்கிலிருந்து ஓயாது ஒலிக்கும் பூச்சியே. ஆண்பூச்சி தன் முன்னிறக்கைகளை ஒன்றோடொன்று உரசி ஒலி எழுப்புகின்றது. அதனைக் கேட்கும் செவிகள் முன்னங்கால்களில் அமைந்துள்ளன. வெப்பம் ஏற ஏற ஒலியும் விரைவுபடும். இது கொண்டு இப்பூச்சியினத்தை ஓர் உஷ்ணமானியாகவே கொள்ளலாம் என்று டால்பியர் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1897-இல் ஒரு கட்டுரை வரைந்தார். மேனாட்டில் இரைக்கென வளர்ப்பது பெரும்பாலும் அக்கீட்டா டொமெஸ்டிக்கஸ் என்னும் வைக்கோல் நிறத்து இனமாகும். முதலில் தூண்டில் இரைக்காகவே அங்குப் பண்ணைகள் தோன்றின. செல்லப்பிராணிகளுக்கு இரையாகும் வாணிகம் பின்னர் வளர்ந்தது.

வளர்க்கும் முறை கடினமன்று. உட்புறம் வழுவழுப்பான உயர்ந்த பெட்டியொன்று வேண்டும். மூடியில் உலோக வலை இருத்தல் நன்று. பிளாஸ்டிக் வலையை இவை கடித்துத் துளைத்து வெளியேறும். பின்னர் இரவெல்லாம் வீட்டார் உறங்கினபாடில்லை. முட்டை அடுக்கும் காகித அட்டைகளைப் பெட்டியினுள் நிமிர்த்தி வைத்தால் ஒளிந்து வாழ இடம் பெருகும். எச்சமும் கீழே விழுந்துவிடும். இடம் குறுகினால் ஒன்றையொன்று தின்னும். அதிலும் புதிதாய்ச் சட்டை உரித்து மென்மையாயிருப்பதே முதலில் இரையாகும். வெப்பம் 30 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருத்தல் வேண்டும்.

நீர் வைப்பதில்தான் பலர் தவறுகின்றனர். திறந்த கிண்ணத்தில் நீர் வைத்தால் குஞ்சுகள் வீழ்ந்து மடியும். வையாதொழிந்தால் தாகத்தால் மடியும். ஆதலின் நனைந்த பஞ்சோ, காரட் துண்டோ, வெள்ளரித் துண்டோ இட்டு அடிக்கடி மாற்றுக. பெட்டியின் தரையோ எப்பொழுதும் உலர்ந்திருத்தல் வேண்டும். எச்சமும் ஈரமும் கலந்தால் அம்மோனியா என்னும் காரநெடி எழுந்து கூட்டம் முழுவதையும் அழித்துவிடும். மூக்கிற்கு நாற்றம் தெரியும்பொழுது காலம் கடந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

தவிடும் கோதுமை மாவும் கீரையும் இவற்றிற்கு உணவாகும். கீரையில் பூச்சிமருந்து தெளித்திருத்தல் ஆகாது. சிலந்தி உண்பது சுவர்க்கோழியை மட்டுமன்று, அதன் வயிற்றிலுள்ள உணவையுங் கூட. நாளை சாகும் பூச்சிதானே என்று பட்டினி போடுவார், அரைப்பட்டினியான இரையையே தம் சிலந்திக்கு அளிக்கின்றனர். அன்றியும், இரையாகும் உயிரையும் உள்ளவரை நன்கு பேணுதலே முறை என்பது நம் கருத்து.

பெண்ணின் வாலிடத்தே ஊசிபோல் நீண்டதோர் உறுப்பு உண்டு. ஈரமணலோ தேங்காய் நார்த்தூளோ நிரப்பிய கிண்ணத்தை வைத்தால், அவ்வூசியை அதில் ஊன்றி, மெல்லிய அரிசிமணி போன்ற சிறு முட்டைகளை நூற்றுக்கணக்கில் இடும். சில நாட்களில் கிண்ணத்தை வேறொரு வெப்பமான பெட்டிக்கு மாற்றுக. இல்லையேல் பெரியவையே முட்டைகளைத் தோண்டித் தின்னும். 10 முதல் 14 நாட்களில் குண்டூசித் தலையளவு குஞ்சுகள் வெளிப்படும். அவை பலமுறை சட்டை உரித்து, 6 முதல் 8 வாரங்களில் இறக்கை பெறும்.

இத்தொழிலுக்குப் பெருங்கேடு விளைத்தது டென்சோவைரஸ் என்னும் நோய்க்கிருமி. ஐரோப்பாவில் 1977-இலேயே இதனைக் கண்டறிந்திருந்தனர். 2009, 2010-ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்கப் பண்ணைகளில் இது புகுந்தபொழுது, பூச்சிகள் மல்லாந்து கிடந்து திரள்திரளாய் மாண்டன. பண்ணைகள் சில மூடப்பட்டன. எஞ்சியோருட் பலர் அந்நோயைத் தாங்கவல்ல வேறு இனங்களை நாடினர். வீட்டில் வளர்ப்போர், புதிதாய் வாங்கியவற்றைப் பழைய கூட்டத்தோடு உடனே கலவாமல் தனியே வைத்துப் பார்த்தல் நலம்.

இனி இரையிடும் முறை. இரையானது சிலந்தியின் வயிற்றுப் பகுதியினும் பெரிதாயிருத்தல் ஆகாது. ஒருநாளில் உண்ணாது விட்டதை எடுத்துவிடுக. இதனை வலியுறுத்திக் கூறுதற்குக் காரணம் உண்டு. சட்டை உரிக்கும் காலம் அணுகியதும் சிலந்தி, சிலவேளை வாரக்கணக்காகவும், உணவை வெறுக்கும். பின்பு ஒருநாள் மல்லாந்து படுத்துவிடும். புதியோர் அது இறந்ததெனக் கருதி வெளியே எறிவதும் உண்டு. அப்பொழுது அதன் உடல் மெழுகுபோல் மென்மையுற்று, கால்களையும் அசைக்க இயலாதிருக்கும். அந்நேரத்தில் பெட்டியில் ஒரேயொரு பசித்த சுவர்க்கோழி தங்கியிருப்பினும், அது சிலந்தியைக் கடித்துத் தின்னத் தொடங்கும். ஓர் அடி தொலைவிலிருந்தே இரை அஞ்சி ஓடிய வேட்டைக்காரன் இப்பொழுது இரைக்கே இரை.

சட்டை உரித்தபின்னும் விரைதல் கூடாது. நச்சுப்பற்கள் முதலில் வெண்மையாயிருந்து, பின் சிவந்து, முடிவிலே கறுத்து இறுகும். இதற்குச் சிறு சிலந்திக்குச் சில நாட்களும் பெரியதற்கு இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை நீர் மட்டும் வைத்து, பற்கள் முற்றும் கறுத்தனவெனக் கண்டபின், வழக்கத்தினும் சிறியதொரு சுவர்க்கோழியை இடுக.