நினைவுக் காணிக்கையும் பணித்தளப் பயணமும்

திருநெல்வேலி வட்டாரத் தென்னிந்தியத் திருச்சபைச் சேகரங்களில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் அமைந்த சபைத் தொகுதிகளில், மறைந்த உறுப்பினர் ஒருவரின் நினைவாக மிஷனரிப் பணிக்கு நிதி திரட்டுவது, 1903-இல் அங்கு உருவான இந்திய மிஷனரி சங்கத்தின் மரபோடு சேர்த்துப் பார்க்கத்தக்க வழக்கமாகும். இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்ற கொள்கையோடு வே. ச. அசரியா முதலியோர் நிறுவிய அச்சங்கம், நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கலைப் பணித்தளமாகக் கொண்டதால், தாங்கள் பார்த்திராத தெலுங்குக் கிராமங்களுக்காகக் காணிக்கை எடுக்கும் பழக்கம் தமிழ்ச் சபைகளில் நூற்றாண்டுக்கு முன்பே ஏற்பட்டது.

நிதி திரட்டும் வழிகளுள் அதிகம் பயன் தருவது ஏலம். அறுப்பின் பண்டிகையில் முதற்பலனாகப் படைக்கப்படும் வாழைத்தார், கருப்பட்டி, முருங்கைக்காய், சேவல் ஆகியவை சந்தை விலையைப் போலப் பல மடங்குக்கு எடுக்கப்படுவதும், எடுத்தவரே பொருளைத் திருப்பிக் கொடுக்க அது மறுபடி ஏலத்துக்கு வருவதும் இயல்பு. ஆயினும் உற்சாகத்தில் கேட்ட தொகை முழுவதும் கைக்கு வந்து சேர்வதில்லை என்பதைக் கமிட்டியில் இருந்தோர் அறிவர். ஆகவே ஏலத்தில் கூவிய தொகையை விட்டு, ரசீது போட்ட தொகையை மட்டும் வைத்து, அந்நிதியால் மேற்கொள்ளும் பணித்தளப் பயணத்தைத் திட்டமிடுவதே பாதுகாப்பானது. நினைவு நாளில் பாக்கியை வசூலிக்க நேர்ந்தால், துக்கத்திலுள்ள குடும்பத்தாரே கடன் கேட்பவர்களாகத் தோன்றும் சங்கடமும் உண்டு.

அக்குடும்பத்தாரிடம் முதலில் கேட்கவேண்டியது, மறைந்தவர் எந்தப் பணியில் ஈடுபாடு கொண்டிருந்தார் என்பதே. ஞாயிறுபள்ளியில் கற்பித்தவரின் பெயரால் சிறுவர் ஊழியத்துக்கும், செவிலியராக இருந்தவரின் பெயரால் மருத்துவ முகாமுக்கும் பணம் கேட்கும்போது, அவரை அறிந்த சபையாருக்கு அதிக விளக்கம் தேவைப்படுவதில்லை. கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிப்பது வசூலைக் கூட்டுமென்று வாதிடுவோர் உண்டு. கூட்டலாம், ஆனால் விதவை ஒருத்தி கொடுக்கும் ஐம்பது ரூபாய் அடுத்த ஆண்டு வராமற்போவதற்கும் அதுவே காரணமாகிறது.

வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவின்கீழ்க் கழிவு கிடைக்குமென்று உறுதியளிப்பதில் எச்சரிக்கை வேண்டும். குறிப்பிட்ட ஒரு மதத்தாரின் நலனுக்கென அமைந்த அறக்கட்டளைக்கு அச்சலுகை பொதுவாக இல்லை. சலுகை பெற்ற அமைப்பாயினும், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கக் கொடைக்குக் கழிவு கோர இயலாது.

பணித்தளப் பயணம், அதாவது சபையார் சிலர் சில நாட்கள் மிஷனரியோடு தங்கி வரும் பயணம், எளிதில் சுற்றுலாவாக மாறக்கூடியது. இதைத் தடுக்க, பயணச் செலவு ஒரு தலைப்பிலும் பணித்தளத்துக்கான கொடை இன்னொரு தலைப்பிலும் கணக்கில் நிற்கவேண்டும்; வசதியுள்ளோர் தம் பயணச்சீட்டைத் தாமே எடுத்துக்கொண்டால், நினைவு நிதி இளைஞருக்கும் கூலிவேலை செய்வோருக்கும் மிஞ்சும். ரயில் முன்பதிவு பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன் திறப்பதால், அதற்கு முன்பே ஏலத் தொகை வங்கியில் இருப்பது நலம். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம் போன்ற மாநிலங்களுக்கு உள்நுழைவு அனுமதிச்சீட்டும் தேவை. நாளைத் தீர்மானிப்பவர் அங்கிருக்கும் மிஷனரியாக இருக்கவேண்டும். ஊரார் விதைப்பில் இருக்கும் வாரத்தில் இருபது பேர் போய் இறங்கினால், அவர்களுக்குச் சமைத்துப் போடுவதே மிஷனரி குடும்பத்தின் ஊழியமாகிவிடும்.

மீதித் தொகை எங்கே போகவேண்டும் என்பதை, வசூல் தொடங்குமுன் சேகரக் கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுவது பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும். மிஷனரிகளின் பிள்ளைகளுடைய விடுதிக் கட்டணத்துக்கென்று அதை ஒதுக்கினால், குடும்பத்தாரும் கமிட்டியும் பெரும்பாலும் தயங்காமல் ஒப்புக்கொள்கின்றனர்.