“உட்கார்” – நாய்க்கு முதல் பாடம்

2000ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் அரியாலைப் பக்கம் கடுஞ்சண்டை நடந்தது. குடாநாட்டில் சண்டை நடந்த பல இடங்களில் மண்ணுக்குள் மிதிவெடிகள் கிடந்தன. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு அவற்றைத் தேடும் வேலையில் மனிதர்களோடு நாய்களும் இறங்கின. 1977 கலவரத்துக்குப் பின் வடக்கே போய்க் குடியேறிய நம்ம சொந்தக்காரங்களுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

அந்த நாய் வெடிமருந்து வாசம் பிடித்தால் மண்ணைப் பிராண்டாது. பிராண்டினால் வெடித்துவிடுமே! அப்படியே உட்காரும். நம்ம லயத்துப் பிள்ளைகள் பிஸ்கட்டைக் காட்டிப் பழக்கும் அதே வித்தைதான். அடித்து வரும் பழக்கமல்ல இது. சரியாகச் செய்த அந்த நொடியே விளையாடப் பந்தோ, தின்னத் தீனியோ கிடைக்கும். அதற்காகத்தான் நாய் உட்காருகிறது.

வீட்டில் நாமும் செய்து பார்க்கலாம். நாய் பசியோடு இருக்கும்போது சின்ன ரொட்டித் துண்டை அதன் மூக்குக்கு மேலே பிடித்து, மெதுவாகத் தலைக்குப் பின்பக்கம் கொண்டு போங்கள். தலை மேலே போகும், பின்பக்கம் தானாகக் கீழே வரும். தரையில் பட்டதும் ரொட்டியைக் கொடுங்கள். கொஞ்சம் பிந்தினாலும் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்கு விளங்காது. “உட்கார்” என்று ஒரு தடவை சொன்னால் போதும். அப்பா “உட்கார்”, மகன் “சிட்”, பாட்டி “இருடா” என்றால் நாய் என்ன செய்யும்? வீட்டில் எல்லோருக்கும் ஒரே சொல்தான். ஒரு நேரத்துக்கு ஐந்து நிமிடம் போதும்.

அடுத்தது “வா”. இதில்தான் நாம் பெரும்பாலும் பிழை விடுகிறோம். கோழியை விரட்டிய நாயைக் கூப்பிட்டு, கிட்ட வந்ததும் விறகுக் கட்டையால் அடிக்கிறோம். கோழிக்காக அடித்தது என்று அதுக்குத் தெரியாது, வந்ததுக்கு அடி என்றுதான் நினைக்கும். எங்கள் வீட்டு நாயையும் நாங்கள் இப்படித்தான் கெடுத்தோம். பிறகு கூப்பிட்டால் தேயிலைக்குள் ஓடிவிடும். பொழுதுபட்டால் சிறுத்தை இறங்கும் மலைகளில் கூப்பிட்டதும் வராத நாய் மிஞ்சுமா?

நாய் சாப்பிடும்போதும் குட்டிகளோடு கிடக்கும்போதும் பிள்ளைகள் பாடம் நடத்த வேண்டாம். பல் பட்டாலோ நகம் கீறினாலோ சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நாய்க்கு வருசா வருசம் விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும். எப்போது போடுகிறார்கள் என்று உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.