கண்ணாடி முன் கழியும் நேரம்: பெற்றோர் கவனத்திற்கு



நம் பள்ளிவாசல்களில் இப்படி ஒருவரை எல்லோரும் பார்த்திருப்போம். ஜமாஅத் தொடங்கி ஒரு ரக்அத் முடிந்திருக்கும். அவர் இன்னும் ஹவுள் ஓரத்தில் உட்கார்ந்து முழங்கையைக் கழுவிக்கொண்டிருப்பார். தண்ணீர் பட்டது கண்ணுக்குத் தெரிகிறது, மனம் மட்டும் 'படவில்லை' என்கிறது. இதை வஸ்வாஸ் என்கிறோம். கழுவக் கழுவச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது என்பது மதரஸாவில் ஓதிய சிறு பிள்ளைக்கும் தெரியும்.

இதே வகையான தொல்லை சிலருக்கு முகத்தைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் வருகிறது. மூக்கு வளைந்திருக்கிறது, தோல் கறுத்துவிட்டது, முடி கொட்டி மண்டை தெரிகிறது, தாடை ஒரு பக்கம் பெரிதாக இருக்கிறது என்று ஓர் எண்ணம். மற்றவர்கள் பார்த்தால் அப்படி ஒன்றும் இருக்காது, இருந்தாலும் கடுகளவுதான் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு உலகமே அந்த இடத்தைத்தான் பார்க்கிறது என்று தோன்றும். கண்ணாடியைப் பார்த்தால் நிம்மதி வரும் என்று பார்ப்பார்கள். பார்த்ததும் கலக்கம் கூடும். மறுபடி பார்ப்பார்கள்.

மருத்துவர்கள் இதை 'பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர்' என்கிறார்கள். இத்தாலி நாட்டு மனநல மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதை எழுதி வைத்தார். ஆகவே இது செல்போன் கொண்டுவந்த புது நோய் அல்ல. இன்றைய மருத்துவ வகைப்பாட்டில், திரும்பத் திரும்பக் கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது போன்ற எண்ணச் சுழற்சி நோய்களோடுதான் இதையும் சேர்த்திருக்கிறார்கள். நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருக்கும் என்பது பல நாடுகளின் கணக்கு. பெரும்பாலும் 12, 13 வயதில் தொடங்குகிறது. ஆண், பெண் இருவருக்கும் வருகிறது.

இதை 'அலங்கார மோகம்' என்றும் 'பெருமை' என்றும் நினைத்துப் பிள்ளைகளைக் கண்டிக்கும் பெற்றோர் அதிகம். உண்மை நேர்மாறானது. பெருமை உள்ளவன் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்புவான். இந்தப் பிள்ளை ஒளிந்துகொள்ளத்தான் இடம் தேடுகிறது.

எது சாதாரண ஆசை, எது நோய் என்று எப்படிப் பிரிப்பது? பெருநாளைக்குப் புதுச் சட்டை போட்டு நாலு தடவை கண்ணாடி பார்ப்பது நோய் அல்ல. அந்த எண்ணத்திலேயே தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறதா, அதற்காகப் பள்ளிக்கூடம், கல்யாணம், உறவினர் வீடு எல்லாம் தட்டிக்கழிக்கப்படுகிறதா, 'என் மூக்கு அசிங்கமா இருக்கா?' என்று ஒரே கேள்வி ஐம்பது முறை வருகிறதா என்று பாருங்கள். கைவிரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருப்பது, முகத் தோலைக் கிள்ளிப் புண்ணாக்குவது, போட்டோ என்றால் ஓடிவிடுவது ஆகியவையும் அடையாளங்கள்.

நம் வீடுகளில் இது கண்ணில் படாமல் போக ஒரு தனிக் காரணம் உண்டு. முகத்திரை போட்டிருக்கும் பெண்பிள்ளை வெளியே போகும்போது எதை மறைக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. பையன் தொப்பியைக் கழற்றாமல் இருந்தால் 'மாஷா அல்லாஹ், நல்ல பிள்ளை' என்போம். திரையிலும் தொப்பியிலும் குறை ஏதுமில்லை. ஆனால் வீட்டுக்குள் தாய்க்கும் அக்காவுக்கும் கூட முகம் காட்டாமல் இருட்டறையில் உட்கார்ந்திருந்தால், அது பேணுதல் அல்ல என்பதைத் தாய்தான் முதலில் புரிந்துகொள்ள முடியும். கொரோனா காலத்து மாஸ்க்கை இன்னும் கழற்றாத பிள்ளைகளையும் கொஞ்சம் கவனியுங்கள்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருப்பவர்களுக்கு இன்னொரு சொல். மாதம் ஒருமுறை பார்க்கப் போகும்போது மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். விடுதியில் வைக்கும் பட்டப்பெயர் பிள்ளையோடு பல வருஷம் கூட வரும். நம் வீடுகள் மட்டும் என்ன? 'கருப்பி', 'குண்டன்', 'பல்லன்' என்று பாசமாகத்தான் கூப்பிடுகிறோம் என்பார்கள். சூரத்துல் ஹுஜுராத்தின் 11-வது வசனம் பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் பரிகாசத்தையும் தடுக்கிறது. அதில் பாசத்துக்கு விலக்கு இருப்பதாக நான் ஓதவில்லை. பெண் பார்க்கப் போகும் இடத்தில் 'பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி' என்று அந்தப் பெண்ணின் காதுபடப் பேசிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வருகிறோமே, அதுவும் இதில் அடங்கும். ஒரு சொல்லால் மட்டும் நோய் வந்துவிடாது. பரம்பரைக் கூறு, மூளையின் இயக்கம், கேலி எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. ஆனால் அவற்றில் நம் கையில் இருப்பது நம் நாக்கு ஒன்றுதான்.

செல்போன் பற்றி ஒரு தகவல். முகத்துக்கு ஓரடி தூரத்தில் வைத்து எடுக்கும் செல்ஃபியில் மூக்கு, ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தை விட ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்க மருத்துவர்கள் 2018-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இது லென்ஸின் கணக்கு. பிள்ளை அதைத் தன் மூக்கின் கணக்கு என்று நினைத்துக்கொள்கிறது.

சென்ற ஆண்டு நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு ஒரு தாய் வந்தார். மகனுக்கு மூக்கில் ஆபரேஷன் செய்ய வேண்டும், பாதிப் பணம் நகையை அடகு வைத்துத் திரட்டிவிட்டேன், மீதியை நீங்கள் தாருங்கள் என்றார். மூச்சு விடக் கஷ்டமா என்று கேட்டோம், இல்லை. விபத்தா, அதுவும் இல்லை. பையன் எட்டு மாதமாகக் கல்லூரிக்குப் போகவில்லை. மூக்கைச் சரி செய்தால் போவேன் என்கிறான், அவ்வளவுதான். கமிட்டியில் இரண்டு கருத்து இருந்தது. கொடுத்துவிடலாம், பிள்ளை பிழைக்கட்டும் என்று ஒரு தரப்பு. படைப்பை மாற்றுவது கூடாது, மனுவைத் தள்ளுங்கள் என்று மறு தரப்பு. இரண்டுமே அந்தப் பையனின் நோயைத் தொடவில்லை. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) முதலில் வெள்ளியில் மூக்கு வைத்து, அது நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னது ஹதீஸில் வருகிறது. உண்மையான ஊனத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறது. இங்கே பழுது மூக்கில் இல்லை. இந்த நோய் உள்ளவர்களுக்கு அழகு ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் மனக்குறை தீர்வதில்லை, வேறோர் உறுப்புக்குத் தாவுகிறது என்பது மருத்துவர்களின் அனுபவம். ஆகவே ஆபரேஷனுக்குப் பணம் தரவில்லை. பையனை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக ஆளும் பஸ் செலவும் தந்தோம். நகை மீட்கப்பட்டது. பையன் இப்போது மாத்திரையும் ஆலோசனையுமாக இருக்கிறான், வாரத்தில் மூன்று நாள் கல்லூரிக்குப் போகிறான். முழுக்க குணமாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். இன்னும் ஆகவில்லை.

தோற்றத்தை மாற்றப் போய் உடம்பை இழந்த செய்திகளும் உண்டு. 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் போன ஒரு மருத்துவ மாணவர் இறந்தார். 2024-ல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் எடைக் குறைப்பு ஆபரேஷனில் இறந்தார். இவர்களுக்கு நான் சொல்லும் நோய் இருந்தது என்று சொல்லவில்லை. பயணம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன். நம்மைப் போன்ற குடும்பங்கள் நிறைந்த மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல் மருத்துவமனை ஒன்றில், 2021 முதல் 2023 வரை சிறுநீரக நோயோடு வந்தவர்களை ஆராய்ந்தபோது, பலர் சிவப்பழகு கிரீம் பூசியவர்களாக இருந்தார்கள். காரணம் அதில் கலந்த பாதரசம். கம்பெனி முகவரி இல்லாமல், 'ஊரிலிருந்து வந்தது' என்று கைமாறும் டப்பாக்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அடுத்து, மருத்துவம். இதற்கு இரண்டு வழிகள் பலன் தருகின்றன. ஒன்று, பயிற்சி பெற்ற உளவியலாளர் தரும் எண்ண, நடத்தைப் பயிற்சி. கண்ணாடி பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது, மறைக்காமல் கடைவீதிக்குப் போய்வருவது, பயந்த இடத்தில் உட்கார்ந்து பயம் தானாக இறங்குவதைப் பார்ப்பது என்று படிப்படியாகப் போகும். மற்றொன்று மாத்திரை. அது வேலை செய்ய 12 வாரம் வரை ஆகலாம். இரண்டு வாரத்தில் 'ஒண்ணும் தெரியலையே' என்று நிறுத்திவிடுபவர்களே அதிகம். நடுவில் நிறுத்துவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது சற்று விசித்திரமாகப் படும். 'நீ அழகாத்தான் இருக்கே கண்ணு' என்று திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள். ஹவுள் ஓரத்தில் இருப்பவரிடம் 'நனைஞ்சிருச்சு பாய்' என்று நூறு முறை சொல்வதைப் போன்றது அது. நூற்றி ஓராவது முறையும் கேட்பார். 'உனக்கு இது எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு புரியுது, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னா உனக்குத்தான் கூடும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம்' என்று சொல்லிப் பாருங்கள்.

ஸாஹிர் (ரலி) என்ற கிராமத்து நபித்தோழர் அழகில்லாதவர் என்று அறிவிப்பில் வருகிறது. கடைவீதியில் நின்ற அவரை நபி (ஸல்) அவர்கள் பின்னாலிருந்து கட்டியணைத்து விளையாடியதும், தன்னை விலைபோகாத சரக்கு என்று அவர் சொன்னபோது அல்லாஹ்விடம் நீர் மதிப்புள்ளவர் என்று அவர்கள் சொன்னதும் நம் ஹஜ்ரத்மார்கள் பயானில் சொல்லும் சம்பவம்தான். அதைப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லி வளருங்கள். ஆனால் நோய் வந்த பின் இதைச் சொல்லிவிட்டு மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். ஈமான் குறைந்ததால் வந்த நோய் இது என்று யாரும் சொன்னால், மனதின் நோய்களையும் உடலின் நோய்களையும் சேர்த்து நூல் எழுதிய அபூ ஸைத் அல்பல்கீ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் என்று சொல்லுங்கள். அவர் வஸ்வாஸைத் தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறார்.

மனநோய் என்றதும் நம்மவர்களுக்குச் சங்கிலி நினைவு வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அந்தப் பயத்தில்தான் பல வீடுகளில் நோயை மறைக்கிறார்கள். இன்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையையும் நோயாளிக்குத் தருகிறது. பெண் கேட்டு வருபவர்களுக்கு மருத்துவமனை எதையும் சொல்லாது.

எங்கே போவது? சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவில் காட்டலாம். நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 'செத்துடலாம்னு இருக்கு' என்று பிள்ளை சொன்னால் தனியாக விடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள். இந்த நோயில் அந்த எண்ணம் வருவது அதிகம், மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் முறை துணைக்கு ஆள் வேண்டுபவர்கள் வெள்ளி தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். பெண்களுக்குப் பெண் தொண்டர்களே துணைக்கு வருவார்கள். மனுவில் நோயின் பெயரை எழுத வேண்டாம், 'மருத்துவப் பயணம்' என்று மட்டும் எழுதினால் போதும்.