வீடு வாங்கும்போது ஒரு கையெழுத்து போதுமா?

கூட்டு வியாபாரத்தில் ஒரு கூட்டாளி கடை பெயரில் சரக்கு எடுத்துக் கையெழுத்துப் போட்டால், அது மற்ற கூட்டாளிகளையும் கட்டுப்படுத்தும். இந்தப் பழக்கத்தில் ஊறிய நம் வணிகர்கள் சிலர், வீடு வாங்கும்போதும் "மூத்தவர் எழுதிக் கொடுக்கிறாரே, போதாதா?" என்று எண்ணிவிடுகின்றனர். போதாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். இந்துக் குடும்பத் தலைவர் ஒருவர், சுயசம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதாமல் காலமாகிறார். மனைவி, இரண்டு மகன்கள், திருமணமான ஒரு மகள் உள்ளனர். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு. இறந்தவரின் தாயார் இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு. அப்போது ஆளுக்கு ஐந்தில் ஒன்று. சீர் செய்து கட்டிக் கொடுத்துவிட்டோம் என்பதால் மகளின் பங்கு போய்விடாது. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்தின்படி மகளுக்குச் சம உரிமை உண்டு. பிற மதத்தினருக்குப் பங்கு முறை வேறு.

மேற்படி வீட்டை மூத்த மகன் மட்டும் எழுதிக் கொடுத்தால், முழு விலை கொடுத்தவருக்குக் கிடைப்பது கால் பங்குதான். அதையும் அனுபவிக்க முடியாது. குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாருக்குக் கூட்டாகக் குடியிருக்கும் உரிமை இல்லை என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், கோர்ட் நிர்ணயிக்கும் விலையில் அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளக் குடும்பத்தார் கேட்கலாம்.

இந்தச் சிக்கல் வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. அதில் வருவது பதிவான பத்திரங்களே. வாரிசுப் பங்கோ மரணத்தால் வருவது. பட்டா மூத்தவர் பெயருக்கு மாறியிருந்தாலும் மற்றவர் பங்கு அழியாது.

எனவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்:

1. மூலப் பத்திரத்துடன் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றையும் கேட்டுப் பாருங்கள்.

2. வாரிசுகள் அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுத்ததாகச் சொன்னால், பதிவான விடுதலைப் பத்திரத்தைக் கேளுங்கள். வாய்ச்சொல் செல்லாது.

3. மைனர் வாரிசு இருந்தால், அவர் பங்கை விற்கக் காப்பாளர் கோர்ட் அனுமதி பெற்றிருக்க வேண்டும். இல்லையேல், 18 வயது நிறைந்து மூன்று ஆண்டுகள் வரை அவர் அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போடலாம்.

4. பத்திரங்களை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். விற்பவரின் வக்கீல் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் சரக்குக்குப் பணம் கொடுக்காதவர்கள் நாம். கடையில் பல வருடம் சேர்த்த பணத்தை வீட்டில் போடும்போதும் அதே கண்டிப்பு வேண்டும்.