அகராதியில் நம்ம ஊர் அணைக்கட்டு



பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு பாலிடெக்னிக்கில் சேர்ந்த நம்மில் பலருக்கு, ஆங்கிலப் பாடப்புத்தகம் என்றாலே வயிற்றைக் கலக்கும். எனக்கும் அப்படித்தான். பாசனப் பாடத்தில் ஒருநாள் 'அனிகட்' என்று ஒரு சொல் வந்தது. ஏதோ வெள்ளைக்காரச் சொல் என்று நினைத்து நூலகத்தில் பெரிய அகராதியைப் புரட்டினேன். மூலச்சொல் தமிழ் 'அணைக்கட்டு' என்று போட்டிருந்தது! சிரிப்பு வந்துட்டு.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. மருதூர் மேலக்கால் தண்ணீரில் நெல் போடுகிறவர். "அணைக்கட்டுன்னா என்னன்னு தெரிஞ்சுக்கவாய்யா இம்புட்டுத் தூரம் போன?" என்று கேட்டார்.

பாபநாசம் அணை தண்ணீரைத் தேக்கி வைக்கும். அனிகட் அப்படியல்ல. ஆற்றுக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய தடுப்பு அது. நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, தண்ணீரைக் கால்வாயில் திருப்பிவிடும். மிச்சம் மேலே வழிந்து ஓடும். தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள் உள்ளன. கடைசியான ஸ்ரீவைகுண்டம்தான் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற 7 அணைக்கட்டுகளும் அவர்கள் ஆட்சிக்கு முந்தியவை. கட்டுமானம் ஏற்கெனவே இங்கே இருந்தது. அதனால் பெயரையும் இங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். கல்லணைக்கும் 'கிராண்ட் அனிகட்' என்றே பெயர் வைத்தார்கள்.

இப்படிப் போன சொற்களை யூல், பர்னெல் என்ற இருவர் திரட்டி, 1886-ல் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதியாக வெளியிட்டார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இன்னும் சில சொற்கள்:

1. கேட்டமரான்: நம்ம கட்டுமரம். மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இன்று ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது.

2. செரூட்: சுருட்டு.

3. மல்லிகடானி: மிளகுத்தண்ணி. நம்ம ரசம் அங்கே சூப் ஆகிவிட்டது!

4. கொரண்டம்: குருந்தக்கல். கடினத்தன்மையில் வைரம் 10 என்றால் இது 9. மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே. வேதியியலில் இது அலுமினியம் ஆக்சைடு. ஒர்க்ஷாப் கிரைண்டிங் வீல் பலவற்றில் இருப்பதும் அதுதான்.

5. பரையா: பறையர் என்ற சமூகத்தின் பெயரை எடுத்து, 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதினார்கள். செய்தித்தாள்களில் இன்றும் வருகிறது. சொல்லோடு சேர்ந்து நம்ம ஊர்க் கொடுமையும் கப்பல் ஏறியிருக்கிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நாமாவது இதை எழுதாமல் இருப்போம்.

ஒரு எச்சரிக்கை. 'ஒன்று'தான் ஆங்கிலத்தில் 'ஒன்' ஆயிற்று என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. லத்தீன் 'ஊனுஸ்' அதற்கு உறவு. ஒலி ஒத்துப்போனால் மட்டும் போதாது. நம் மாவட்டத்து இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ல் வெளியிட்டபோது, சொற்களோடு இலக்கண அமைப்பையும் ஒப்பிட்டே உறவைக் காட்டினார். பெருமைக்காகப் பொய் சேர்த்தால் உண்மையான அணைக்கட்டையும் யாரும் நம்பமாட்டார்கள்.

எனவே நண்பர்களே, புரியாத சொல் வந்தால் பயந்துபோய் பக்கத்தைப் புரட்டிடாதீங்க. அகராதியைத் திறங்க. அது நம்ம வீட்டுச் சொல்லாகவே இருக்கலாம். இல்லாவிட்டாலும், அன்று முதல் அதுவும் நம்ம சொல்தான்!